றஜிந்தன் ஞாபகார்த்தக் கிண்ணம்

லியோன் அண்ணை ஒருநாள் தன் வீட்டுக்கு வருவார் என்று ஜெசிதா எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஆனால் பிஸ்கற் பெட்டியும் கையுமாக, சிரித்துக்கொண்டு வருவார் என்று நினைக்கவில்லை.

"தங்கச்சி, கழகம் ஒரு முடிவு எடுத்திருக்கு," என்றார் கதிரையில் அமர்ந்தபடி. "றஜியின்ரை பேரிலை வருசா வருசம் ஒரு கிண்ணம். கரையோரக் கழகம் எல்லாம் வரும். முதல் கிண்ணத்தை நீதான் குடுக்கவேணும். மைக்கிலையும் ரெண்டு வார்த்தை கதைக்கவேணும்."

சுவரில் மாலை போட்ட படத்தில் அவள் கணவன் றஜிந்தன் கையுறைகளோடு நின்றான். விடியப்புறம் நண்டு வலைக்குப் போய் வந்து, பின்னேரம் மைதானத்தில் நிற்பவன். குருநகர் உதைபந்தாட்டக் கழகத்தின் பந்துக் காப்பாளன். அவன் போய் ஒரு வருடமாகிறது. அந்த ஒரு வருடமும் ஜெசிதா ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒன்றைச் சொல்ல இடம் தேடிக்கொண்டிருந்தாள். இப்போது கழகத் தலைவரே மைக்கைக் கொண்டுவந்து கையில் தருகிறார்.

"ஓம் அண்ணை," என்றாள். "கதைக்கிறன்."

அவள் தேநீர் வைக்கப் போனாள். அடுப்படியில் அந்தச் சின்னத் தாச்சி தொங்கியது. அதில்தான் அவள் றஜிந்தனின் ஒத்தடத்துக்கு உப்பு வறுத்தாள்.

அவன் சாவதற்கு முந்தின வருடம், வல்வெட்டித்துறையில் நடந்த அரையிறுதியில் எதிரணிக்காரனின் முழங்கால் றஜிந்தனின் தொடை இடுக்கில் பட்டது. நோ சில நாளில் போய்விட்டது. ஆனால் இடது விதையில் கல்லுப் போல ஒரு தடிப்பு இருப்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். நோவில்லாத தடிப்பு. அது மெல்ல மெல்லப் பெருத்தது. உடுப்பு மாற்றுகிற கொட்டிலில் அதை முதலில் கண்டவர் லியோன்.

"டேய், இவன் பந்தைக் காற்சட்டைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறான். அதுதான் இவனுக்கு ஒருத்தனும் கோல் அடிக்க முடியேல்லை."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் 'பந்து றஜி'. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டட்டோ என்று அவன் ஒருமுறை கேட்டபோது லியோன் தோளில் தட்டினார்.

"அடிபட்ட இடம் இறுகித்தான் பிறகு கரையும். கீப்பர்மாருக்கு இது வழமை. உப்பு ஒத்தடம் பிடி. அங்கை போனால் டொக்டருக்குப் படிக்கிற பெட்டையள் வரிசையிலை நிண்டு பார்ப்பாளவை. கழட்டிக் காட்டப்போறியோ?"

அந்த மைதானத்தில் எல்லா நோவும் ஒரு அடியில்தான் தொடங்கும், எல்லா அடிக்கும் உப்புத்தான் மருந்து. யாரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. வீட்டில் றஜிந்தன் முழங்கால் நோ என்றான். ஜெசிதா உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுப்பாள். அவன் அதை வாங்கிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போவான். முழங்காலுக்கு எதற்குத் திரை என்று அவள் பகிடி பண்ணுவாள்.

இருமலும், இடுப்போடு சேர்ந்த நாரி உளைவும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இளம் டொக்டர்ப் பிள்ளை எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அடிபட்டதாலை வந்ததில்லை அக்கா. கட்டி முதலே இருந்திருக்கும். அடிதான் அதைக் காட்டிக் குடுத்திருக்கு. அப்பவே வந்திருந்தால் அந்த ஒரு விதையை எடுத்துப்போட்டு, தேவையெண்டால் மருந்தும் ஏத்தி அனுப்பியிருப்பம். அநேகமாய் எல்லாருக்கும் சுகம் வாற வருத்தம் இது." புற்று அதற்குள் நுரையீரல் நிறையப் பரவி, தலைக்கும் போயிருந்தது. கொட்டில் கதையை றஜிந்தன் அவளுக்குச் சொன்னது அந்த வார்ட்டில் வைத்துத்தான். சொல்லிவிட்டு, அப்போதும் அந்தப் பகிடிக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் ஜெசிதாவால் மறக்க முடியவில்லை.

"பிள்ளை, கக்கூஸ் எங்கை?" என்று லியோன் கூடத்திலிருந்து கேட்டார்.

அது அடுப்படியோடு ஒட்டித் தகரம் அடித்த இடம். ஜெசிதாவுக்கு எல்லாம் கேட்டது. கொஞ்சம் விழுந்தது. நின்றது. முக்கல். மறுபடி சொட்டு. திரும்பி வந்து தேநீரில் பாதி குடிப்பதற்குள் மறுபடியும் எழும்பிப் போனார்.

"வயசு போகுது," என்று சிரித்தார். "தண்ணி தங்குதில்லை."

இதே வார்த்தையை அவள் வார்ட்டில் கேட்டிருந்தாள். றஜிந்தனுக்குப் பக்கத்துக் கட்டிலில் நீர்வேலி இராசநாயகம் ஐயா கிடந்தார். வாழைத் தோட்டக்காரர். "என்ரை வாழை வாய்க்கால் அடைச்சால் அந்த நிமிசமே மண்வெட்டியோடை ஓடுவன் பிள்ளை. என்ரை சொந்த வாய்க்கால் அடைச்சதை மட்டும் வயசெண்டு விட்டிட்டன்," என்பார். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் வந்த புற்று, அவர் காட்டப் போகமுன்னமே முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. றஜிந்தனுக்கு முன்னமே அவர் போனார்.

லியோன் படியிறங்கிப் போவதை ஜெசிதா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அவருக்கும் அந்தச் சுரப்பியில்தான் ஏதோ. வெறும் வீக்கமாயிருக்கலாம். மற்றதாயும், இராசநாயகம் ஐயாவுக்கு வந்ததாயும் இருக்கலாம். மற்றதாக இருந்தால் அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் தன் பகிடியோடு தானே கட்டிலுக்குப் போவார். அந்தக் கிழமை முழுக்க அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

இறுதியாட்டத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. கோயில் மதிலிலும் ஆட்கள். றஜிந்தனின் படம் போட்ட பதாகைக்குக் கீழே மேசையில் கிண்ணம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் லியோன் மைக்கைப் பிடித்தார்.

"றஜி ஒரு ரோசக்காரன். தன்ரை வருத்தத்தை எங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் கழகம் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும்."

பேசாமல் இருந்து இந்த மனிசனைச் சாகவிட்டால், இந்தப் பொய்யும் இப்படியே நின்றுவிடும். வருசா வருசம் இதே மேசையில் வேறு யாராவது இதையே சொல்வார்கள். அவள் எழும்பிப் போய் மைக்கை வாங்கினாள்.

"லியோன் அண்ணை பொய் சொல்லுறார்," என்றாள். சத்தம் போடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகட்டோ எண்டு றஜி இவரிட்டைத்தான் கேட்டவன். கொட்டிலிலை எல்லாருக்கும் முன்னாலை அதைக் காட்டிப் பகிடி பண்ணினவர் இவர்." பிறகு அந்தப் பகிடியை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னாள். பின்னுக்கு நின்ற இரண்டொரு பெடியள் தெரியாமல் சிரித்துவிட்டார்கள்.

"ஓம், சிரியுங்கோ. அப்பவும் இப்பிடித்தான் சிரிச்சனியள். டினேஸ், பந்து றஜி எண்டு கோலுக்குப் பின்னாலை நிண்டு கத்தினது நீதானே?"

குருநகர் அணித்தலைவன் டினேஸ் சப்பாத்தைப் பார்த்தான். லியோன் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.

"எங்கை போறியள் அண்ணை? மதில் பக்கமோ?" மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டு போனது. "மேட்ச் தொடங்கினதிலையிருந்து போறதும் வாறதுமாய் இருக்கிறியள். போனாலும் சொட்டுத்தான் வருது. றஜி பந்தை ஒளிச்சவன். உங்கடை குழாய்க்குள்ளை ஆர் பந்தை ஒளிச்சது?"

இந்த முறை முழு மைதானமும் சிரித்தது. மதிலில் இருந்தவர்கள் மதிலில் தட்டிச் சிரித்தார்கள். லியோனின் முகம் கறுத்துப் போனது. தான் சொல்லிச் சிரிக்க வைத்த ஆட்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் மனைவி ஸ்ரெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

"எப்பிடியிருக்கு அண்ணை?" என்றாள் ஜெசிதா. "அவனுக்கும் இப்பிடித்தான் இருந்தது. அவன் வெக்கத்திலை நேரத்துக்குக் காட்டாமல் கிடந்து செத்தான். நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

அவள் கிண்ணத்தை மேசையிலிருந்து எடுத்தாள். வென்ற அணியின் தலைவனான டினேஸ் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டான்.

"இது என்ரை வீட்டிலை இருக்கும். லியோன் அண்ணை ஆஸ்பத்திரியிலை சோதனைக்கு ரத்தம் குடுத்து, அந்த முடிவுத் துண்டோடை வந்து எடுக்கட்டும். மற்றாக்கள் குளிக்கேக்கை உங்கடை விதையளை உங்கடை கையாலை நீங்களே தடவிப் பாருங்கோ. நோகாத தடிப்பு இருந்தால் உப்பு வறுக்காதேங்கோ. போய்க் காட்டுங்கோ. வெக்கமாயிருந்தால் என்ரை மனிசன்ரை கல்லறையிலை வந்து சொல்லுங்கோ, அவனுக்குத்தான் அது விளங்கும்."

கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்களுக்குள்ளால் நடந்தாள். வழிவிட்டார்கள்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் லியோன் வந்தார். ஸ்ரெல்லா கூடவே வந்தாள். அவர் கதிரையின் நுனியில் இருந்தார். ஸ்ரெல்லாதான் ஆஸ்பத்திரித் துண்டை நீட்டிச் சொன்னாள்.

"அதுதான் பிள்ளை. புற்றுத்தான். ஆனால் வெளியாலை பரவேல்லை எண்டவை. தப்பலாமாம்."

லியோன் தொண்டையைச் செருமினார். "என்னை ஊருக்கு முன்னாலை நாறடிச்சிட்டாய்."

"ஓம். அதுக்குத்தான் செய்தனான்."

"அதாலைதான் உயிரும் கிடைச்சிருக்கு. ஆயுசுக்கும் மறக்கமாட்டன்."

"மறக்க விடமாட்டன் அண்ணை." அவள் அலுமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நீங்கள் செத்திருந்தால் எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் கன காலம் இருக்கவேணும். வருசா வருசம் மைக்கிலை நிண்டு, றஜிக்கு என்ன சொன்னனான் எண்டு உங்கடை வாயாலை சொல்லவேணும். அந்தப் பகிடியை அப்பிடியே. ஒருத்தரும் சிரிக்காமல் கேக்குமட்டும்."

லியோன் தலை குனிந்திருந்தார். வெளியே மழை தகரத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்தால் அவர் எழும்பி, அடுப்படிப் பக்கம் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமல் நின்றார்.

"இடம் தெரியும்தானே," என்றாள் ஜெசிதா. "போயிட்டு வாங்கோ."

அவர் கக்கூசுக்குள் போனதும், கிண்ணத்தை ஸ்ரெல்லாவின் கையில் கொடுத்தாள்.