சோமசேகரத்தார் எழும்பாத கதிரை

எட்டுச்செலவுப் படையல் முடிந்த மறுநாளிலிருந்து, செத்துப்போன சோமசேகரத்தாரின் சாப்பாட்டுக் கதிரை ஓர் ஆளின் பாரம் கனத்தது. உள்துறைமுக வீதியில் அது பெரிய செய்தியாகவில்லை. அந்தக் கிழமை மீன் விலை ஏறியிருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் வந்த குரோம் கதிரை அது. நாலு பேர் பிடித்தும் அசையாததால் மனைவி தயாளினி அதைச் சுற்றியே கூட்டினார், சுற்றியே நடந்தார். மூன்று வருடத்தில் கடற்காற்று குரோமைத் தின்று பின்கால் ஒன்றைத் துருவாக்கிவிட்டது. கால் முறிந்தால் மனிதர் விழுந்துவிடுவாரே என்று தயாளினிக்கு நித்திரை போயிற்று.

கிண்ணியாவிலிருந்து குரோம் பூசும் ஜெமீல் வந்தார். தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. "ஐயா, கொஞ்சம் எழும்புங்கோ" என்று வெறுங்கதிரையிடம் மரியாதையாகக் கேட்டும் பார்த்தார்.

"கால் உக்கிப் போச்சு, அக்கா. கழட்டித்தான் குரோம் போடணும். ஐயா எழும்பாட்டி ஏலாது."

அப்போதுதான் தயாளினிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது. எட்டுச்செலவன்று பாரைக் குழம்பிலும் கணவாய்க் கறியிலும் உப்பே விழவில்லை என்பது பிறகு சாப்பிட்ட சனத்தின் முகத்தில்தான் தெரிந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எழும்பிப் போகிற ஆளல்ல சோமசேகரத்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்தே வாய் திறந்து கேட்கமாட்டார். உப்பு வரும்வரை சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருப்பார்.

"உப்பைப் போட்டால் சாப்பிட்டிட்டுப் போயிடுவார், தம்பி."

"போடாட்டி விழுந்திடுவார்" என்றார் ஜெமீல்.

தயாளினி அன்றே பாரை வாங்கி, உப்பிட்டுச் சமைத்து, கதிரைக்கு முன்னால் படைத்தார். கொஞ்ச நேரத்தில் ஜெமீல் கதிரையை ஒரு கையால் தூக்கினார். தயாளினி குசினிக்குள் போய் அழுதார். மூன்று வருடத்துக்கு முன்னரே அழுதிருக்க வேண்டிய அழுகை அது.

இரண்டு கிழமையில் கதிரை திரும்பி வந்தது. புதுக் குரோம், சிவப்பு ரெக்சின். காலில் முகம் பார்க்கலாம். காற்றடித்தால்கூட நகர்ந்தது. தயாளினி ஒருநாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாங்கவில்லை. மறுநாள் உப்பே போடாமல் கணவாய் சமைத்து, கோப்பையை மேசையில் வைத்தார். புது ரெக்சின் மெல்ல அமுங்கியது.

இப்போதும் கதிரை அந்த இடத்திலேயே பளபளவென்று இருக்கிறது. அந்த வீட்டுக்குச் சாப்பிட வருபவர்கள் ஆளுக்கொரு கடதாசிச் சரை உப்போடு வந்து, சோமசேகரத்தார் காணாதபடி மேசைக்குக் கீழே பிரித்துக் கறியில் போட்டுக்கொள்கிறார்கள்.