கீழ்த்தளத்தில் ஓர் ஏரி

1
இந்தக் கதையை எழுதுகிறவர் போன மழைக்காலத்தில் ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில் படகு விட்டார். எதிரே வந்த திமிங்கலம் ஒதுங்கி வழிவிட்டது.

(நம்ப வேண்டாம். காப்பாளரம்மாவே ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கதையே பிறந்தது.)

2
வேறு தொடக்கம்: ஓய்வுபெற்ற படகோட்டி ஒருவர், தன் வீட்டுச் சுவர் ஏன் எப்போதும் ஈரமாகவே...

(வேண்டாம், தூக்கம் வருகிறது. படிப்பறையில் பென்சிலுக்குத்தான் அனுமதி. ரப்பர் கூடாது, துகள் பழைய தாளைக் கெடுக்குமாம். ஆகவே விட்ட வாக்கியம் விட்டபடியே கிடக்கும்.)

3
பழைய நிலப்படத்தை விரித்து மூலைகளில் மணல்பை வைத்ததும் எழுதுகிறவருக்குத் தரை லேசாக ஆடியது. நீல மையில் ஓர் ஏரி. அதன் நடுவயிற்றில்தான் இன்று காப்பகம் நிற்கிறது.

“அம்மா, உங்க நாற்காலிக்குக் கீழ ஏரி படுத்திருக்கு. மழைக்கு முன்னாடி கீழ இருக்கற ஆவணக் கட்டுகளையெல்லாம் மேல ஏத்திடுங்க.”

“தண்ணி பாட்டிலுக்கே இங்க அனுமதி இல்ல சார், ஏரிக்கு யார் சீட்டு குடுத்தா? இடம் மாறின கட்டு தொலைஞ்ச மாதிரிதான். தொட விடமாட்டேன்.”

4
ஏரி சீட்டு வாங்காமலே வந்தது. கழுத்தளவு (சரி, முழங்காலளவு). பின்வாசல் வழியே எழுதுகிறவர், படகோட்டிய காலத்துத் தன் ஒல்லிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். அலமாரித் தட்டின் அகலம்தான் அதுவும். தட்டில் இருந்த வரிசையிலேயே கட்டுகளைப் படகில் அடுக்கி மேலே ஏற்றினார்கள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. விளக்கொளி கூரையில் அலையடிக்க, கட்டுகளுக்குள் இருந்த ஊரின் பழைய தெருக்களெல்லாம் சத்தமில்லாமல் மிதந்து போயின.

5
மேலிடத்துக்குக் காப்பாளரம்மா எழுதியது: ‘சிறு ஈரக்கசிவு.’ ஏரி என்று எழுதினால், முன்பே சொல்லியும் ஏன் கேட்கவில்லை என்று அவரைத்தானே பிடிப்பார்கள்? பதில் வந்தது: கசிவுதானே, கட்டுகளைப் பழையபடி கீழேயே இறக்குங்கள். அடுத்த மழையோ வாசலில் நிற்கிறது.

முடிவு அ: கட்டுகள் இறங்கின. ஏரி மறுபடியும்... (கை வரவில்லை.)

முடிவு ஆ: எழுதுகிறவர் மேலிடத்தின் காலில் விழுந்து... (முட்டி மடங்காது.)

பென்சில் இதோ. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

6
(முடித்தாயிற்று என்று நினைத்தார். தோளுக்குப் பின்னால் நின்று காப்பாளரம்மா அத்தனையும் படித்துவிட்டார்.)

“என்ன சார் எழுதி வச்சிருக்கீங்க?”

“கற்பனைதாம்மா. கசிவுல எங்க படகு போகும்?”

கீழே இறங்கக் காத்திருந்த தள்ளுவண்டியைக் காப்பாளரம்மா பார்த்தார். ஒரு கட்டின் நாடாவைத் தடவினார். பிறகு வண்டியை நிறுத்தி, மேலிடத்துக்குப் புதிதாக எழுத ஒரு தாளை இழுத்துக்கொண்டார்.

“முழங்காலளவுன்னு ஏன் சார் குறைச்சு எழுதினீங்க? படகுலேர்ந்து இறங்கினப்ப எனக்கு இடுப்பு வரைக்கும் தண்ணி.”