சோமசேகரத்தின் கையெழுத்து

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேயர் குணரத்தினம் பதவியேற்ற நாளில் வெளிவந்த மலரில், அவரை ‘மக்களின் குரல்’ என்று புகழ்ந்து வாழ்த்துரை எழுதியவன் நான்தான். அந்த வெட்கத்தில்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். (திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிச் சங்குத்துறை என்றொரு நகரம் கிடையாது. இந்தக் கதைக்காக நான் கட்டியது, மாநகரசபையையும் சேர்த்து.)

2

தொடக்கம், முதல் வரைவு: ‘குணரத்தினம் பிறவியிலேயே திருடன், அவனுடைய —’

இல்லை, பொய். அவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடைக்காரர். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் நீதி கேட்டு வீதியோரம் குந்தியிருந்தபோது, கிட்டப் போகவே ஊர் பயந்த காலத்தில், மைக்கும் பந்தலும் சும்மா தந்தவர்.* காணாமற்போன நாற்பத்தொரு பேரின் பெயர்களையும் கிழமைதோறும் அவரே மைக்கில் வாசிப்பார்.

ஒன்பதாவது பெயர் சோமசேகரம். 2006இல் கிளிவெட்டிக்கு நெல் வாங்கப் போனவர். அந்தப் பெயர் வரும்போது அவருடைய மனைவி இரத்தினேஸ்வரி படத்தை உயர்த்திப் பிடிப்பாள். கரையில் கருவாடு போட்டு விற்பவள். ‘என் கணவர் உயிரோடு இருக்கிறார்’ என்று வந்த ஆணைக்குழுவுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள். இறப்புச் சான்றிதழ் தருகிறோம் என்றவர்களை வாசல் படலையோடு திருப்பி அனுப்பியவள்.

தேர்தலில் நகரம் அந்தக் குரலுக்குத்தான் வாக்குப் போட்டது. அவளும் போட்டாள்.

* ‘கெட்டவனுக்கு நல்லதைச் சேர்க்காதே’ என்றார் ஒரு நண்பர். நடந்ததை நான் என்ன செய்ய?

3

மேயரானதும் வீட்டுக்கு மாடி ஏறியது, வாகனம் மாறியது, மச்சானுக்குக் குத்தகை — [அரைப் பக்கம் வெட்டப்பட்டது. எழுத எனக்கே அலுப்பு.]

ஒன்று போதும். கருவாடு காயும் கரையை ஒரு ஹோட்டலுக்குக் கொடுக்க, அங்கே தொழில் செய்யும் குடும்பத் தலைவர்களின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. உயிரோடு இருந்தவர்கள் ஒப்பமிட மறுத்துவிட்டார்கள்.

சபையில் எழுதுவினைஞராக இருந்த பஸ்னா, கடிதத்தின் பிரதியோடு ஒரு மத்தியானம் கரைக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் சந்தோசம்.

“ரத்தினக்கா, அண்ணன் வந்துட்டாரா? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லியே!”

“ஆர் வந்தது?”

“இதில அவர்ர கையெழுத்து இருக்கே. போன மாசத் திகதி.”

ஒரு கணம் இரத்தினேஸ்வரி மகிழ்ந்தாள். (நாலு வரைவுகளில் இந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். எடுத்தால் கதை பொய்யாகிறது.) கையெழுத்தை விரலால் தடவினாள். பிறகுதான் கீழே இருந்த பெயர்களைப் பார்த்தாள். எல்லாம் பந்தலில் கேட்ட பெயர்கள். மைக்கில் வாசித்த அதே ஒழுங்கு.

4

கள்ளக் கையெழுத்து என்று அவள் முறையிட, விசாரணை வைத்தார்கள். அதற்கு மற்றக் குடும்பங்கள் வரவில்லை. என்ன கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேயரின் சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார்.

“அம்மா, உங்கட கணவர் உயிரோட இருக்கிறார் எண்டு இத்தனை தரம் எழுதிக் குடுத்திருக்கிறீங்கள். அதெல்லாம் பொய்யா?”

“இல்லை.”

“அப்ப அவர் வந்து ஒப்பம் வைச்சிருக்கலாம்தானே?”

ஒப்பிட்டுப் பார்க்க, சோமசேகரத்தின் பழைய கையெழுத்து ஒன்றுகூடப் போர்க்கால இடப்பெயர்வில் தப்பியிருக்கவில்லை. இரத்தினேஸ்வரி எதிர்க்கதிரைப் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, கிழமைக்குக் கிழமை அவர்ர பெயரை வாசிச்சனீங்கள். நீங்களே சொல்லுங்கோ, அவர் வந்தவரா?”

குணரத்தினம் மேசையில் கிடந்த கடிதத்தைச் சட்டத்தரணியின் பக்கம் தள்ளினார்.

“அவர் செத்துப்போனார் ஐயா,” என்றாள் அவள், விசாரணை அதிகாரியிடம். “எழுதுங்கோ.”

[இங்கே அவள் அழுவதாக ஒரு பந்தி இருந்தது. அவள் அழவில்லை.]

அந்த வார்த்தையில் மேயர் விழுந்தார். பதவி போனது, வழக்கு வந்தது.

5

முடிவு, முதலாவது: குணரத்தினம் சிறையில். வாசித்த நண்பர்கள் கைதட்டினார்கள். கிழித்துவிட்டேன். இரண்டாவது: பிணையில் வந்து மறுபடியும் தேர்தலில் — அது பத்திரிகைச் செய்தி, முடிவல்ல. ஹோட்டல் மதில் இன்றைக்கும் நிற்கிறது. மேயர் போனாலும் கொடுத்த அனுமதி செல்லுமாம்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். அவள் விசாரணையில் சொன்னதை வைத்துக் கிராம சேவகர் இறப்புப் பதிவுப் படிவத்தோடு வந்தார். இந்தமுறை அவள் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினாள்.

“இறந்த திகதி, அம்மா?”

“அதைக் குணரத்தினத்திட்டக் கேளுங்கோ. கடைசியா அவரைக் கண்டு ஒப்பம் வாங்கினது அந்தாள்தானே.”

கிராம சேவகர் பேனையை மூடவுமில்லை, எழுதவுமில்லை. நானும் அதிலேயே நிற்கிறேன். அந்தக் கட்டத்துக்குள் ஒரு திகதி விழாமல் இந்தக் கதை முடியாது. எனக்கு ஏலாது. உங்களுக்கு ஏலுமென்றால், அவளுக்கு முன்னால் இருந்து எழுதுங்கள்.