பதினாலாவது கோல்

நான் நகரவே இல்ல. அதுதான் உண்மை. ஊரு என்னென்னமோ சொல்லுது. காத்தோட போக்கைப் புரிஞ்சுக்கிட்டு நின்னேனாம், பதினேழு வயசுல இப்படி ஒரு நிதானத்தை யாரும் பாத்ததில்லையாம். டிவில வேற திரும்பத் திரும்பப் போடுறாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க. பயத்துல எனக்குக் காலு வரல. அவ்வளவுதான் விஷயம். கீழ அம்மா குறட்டை விடுறாங்க. நான் போர்வைக்குள்ள கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கேன், ஏன்னா செவ்வாய்க்கிழமை மறுபடியும் நான்தான் கோல்கீப்பர்.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்க அம்மா பேரு சோல்ருன். அந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சா எங்க தீவுல பாதிப் பேரு முழிப்பாங்க. "பதிமூணு வீடு எது?"ன்னு கேளுங்க, பால்குடிப் பிள்ளைகூட கையைக் காட்டும். நான் பிறக்கறதுக்கு முன்னாடி அம்மா எங்க ஃபாரோ தீவுகள் நாட்டோட பெண்கள் கால்பந்து அணிக்கு கோல்கீப்பரா இருந்தாங்க. ஒரு தகுதிச் சுற்று மேட்ச்ல பதிமூணு கோல் வாங்கினாங்க. எங்க நாட்டுக்கே அதுதான் பெரிய தோல்வி. அன்னிக்கு ஒட்டின பேரு. இங்க பட்டப்பேரு ஒட்டினா லேசுல போகாது, பல வீட்டுல பிள்ளைங்களுக்கும் இறங்கிடும். அம்மா முடி வெட்டுற கடை வச்சிருக்காங்க. முடி வெட்ட வர்றவங்க அங்கயே உக்காந்துக்கிட்டு, "பதிமூணு, காதுக்கு மேல கொஞ்சம் குறைச்சு விடு"ம்பாங்க. கத்திரிக்கோலைக் கையில வச்சிருக்கறவங்ககிட்ட இப்படிப் பேச எங்க ஊர்க்காரங்களுக்குத்தான் தைரியம் வரும்.

இந்த வருஷம் தகுதிச் சுற்றுல எங்க பிரிவுல ஸ்பெயினும் இருக்கு. நான் ரெண்டாவது கோல்கீப்பர், அதாவது பெஞ்சுல உக்காந்து ஆரஞ்சு உரிக்கிறவ. மொதல் கோல்கீப்பர் ரன்வா அக்கா போன வாரம் மலையில மேயுற ஆடுகளைக் கீழ ஓட்டிட்டு வரப் போனாங்க. அங்க ஒரு கிடா முட்டுனதுல ரெண்டு விலா எலும்பு போச்சு. உலகத்துல எந்த நாட்டு அணிக்காவது இப்படி ஒரு காரணத்துல ஆள் குறைஞ்சிருக்கான்னு எனக்குத் தெரியல.

எங்க பயிற்சியாளர் ஹோக்னி மாமா. வார நாள்ல எங்க தெருமுனை மளிகைக் கடையில இருப்பாரு. நான் பால் வாங்கப் போனப்போ கல்லாவுல இருந்தபடியே சொன்னாரு.

"சனிக்கிழமை நீதான் நிக்கிற, மார்யுன். பால் ஒண்ணா, ரெண்டா?"

"எங்க நிக்கிறேன், மாமா?"

"கோல்ல. ஸ்பெயினுக்கு எதிரா. ஒண்ணா, ரெண்டா?"

பாலை வாங்காமலே வீட்டுக்கு ஓடிட்டேன். நான் சொன்னதைக் கேட்டதும் அம்மா மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் என் தோளைப் பிடிச்சு உக்கார வச்சாங்க.

"இதோ பாருடி தங்கம். அம்மா இத்தனை வருஷமா சுமந்துட்டேன். நீ ஒரே ஒரு பதினாலு வாங்கிடு. பேரு உனக்கு மாறிடும், எனக்கு விடுதலை."

"அம்மா!"

"என்ன அம்மா? பெத்தவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?"

அம்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாங்க. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. நான் படிச்சு, வேலைக்குப் போயி, கிழவியாயி, அப்பவும் கப்பல்துறையில யாராவது "அதோ பதினாலு வருது"ன்னா? எனக்குப் பொறக்கப்போற பிள்ளையை "பதினாலோட பொண்ணு"ன்னா?

சனிக்கிழமை காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. எங்க மைதானம் குன்று உச்சியில இருக்கு. ஒரு பக்கம் கடலு, மறுபக்கமும் கடலு. ஊர்க்காரங்க சரிவுல வண்டிகளை வரிசையா நிறுத்திட்டு, உள்ள இருந்தே ஃபிளாஸ்க்ல காபியும் ருபார்ப்ங்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்குமா மேட்ச் பாப்பாங்க. கைதட்டுறதுக்குப் பதிலா ஹாரன். ஸ்பெயின் பொண்ணுங்க பேருந்துல இருந்து இறங்கினதும் ஒருத்தியோட தொப்பி பறந்து வேலியைத் தாண்டிப் போச்சு. ஒரு ஆடு அதை மோந்து பாத்துச்சு. அதுக்கே பத்துப் பதினைஞ்சு ஹாரன்.

மொதல் பாதியில காத்து அவங்க முதுகுக்குப் பின்னால. ஐயோ, அதை எப்படிச் சொல்ல. கோல் கிக்னு நான் பந்தைக் கீழ வச்சு ஓங்கி உதைப்பேன். அது மேல போகும், நிக்கும், யோசிக்கும், திரும்பி என்கிட்டயே வரும். ஒரு தடவை என் தலைக்கு மேலயே போயி கோலுக்குள்ள விழுந்துடுச்சு! நல்லவேளை, கோல் கிக் நேரா நம்ம கோலுக்குள்ளயே விழுந்தா கோல் கிடையாது, எதிர் அணிக்கு மூலையில இருந்து அடிக்கிற கார்னர்தான். கார்னர் அடிச்சாங்க, அதுல கோல் போட்டாங்க. எங்க கேப்டன் துரீத்தா அக்கா என்கிட்ட ஓடி வந்து, "பரவால்லடி, உன் உதையில நல்ல பலம் இருக்கு"ன்னாங்க. துரீத்தா அக்கா பாலர் பள்ளி டீச்சர். மூக்கு ஒழுகுற பிள்ளைகிட்ட பேசுற அதே குரல்.

பாதி ஆட்டம் முடிஞ்சப்போ பத்துக்கு பூஜ்யம்.

உடை மாத்துற அறையில ஹோக்னி மாமா எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாரு. "நல்லா ஆடுறீங்க"ன்னாரு. யாரோ 'களுக்'னு சிரிச்சாங்க. அவ்வளவுதான், அணை உடைஞ்ச மாதிரி எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சு, துரீத்தா அக்கா பெஞ்சுல இருந்து கீழ விழுந்துட்டாங்க. மாமாவும் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "ரெண்டாவது பாதி காத்து நம்ம பக்கம். ஒரே ஒரு கார்னராவது வாங்குங்க, கடையில எல்லாருக்கும் ஐஸ்கிரீம்"ன்னாரு.

கார்னர் வாங்கினோம்! சத்தியமா! காத்து தள்ளின பந்து அவங்க ஆளு முழங்கால்ல பட்டு வெளிய போச்சு. குன்று முழுக்க ஹாரன், கப்பல்துறையில நின்ன மீன்பிடிப் படகுகூட ஊதுச்சு. எங்க பொண்ணுங்க கட்டிப்பிடிச்சுக் குதிச்சதைப் பாத்து ஸ்பெயின்காரிங்க நடுவரைப் பாத்தாங்க, கோல் கீல் ஆயிடுச்சோன்னு. அந்தக் கார்னரை நாங்க அடிச்சது மேகத்துக்குப் போச்சு, அது வேற கதை.

ஆனா அவங்களும் சும்மா இருக்கல. பதினொண்ணு. பன்னெண்டு. கடைசில பதிமூணு.

பதிமூணு விழுந்ததும் ஹாரன் எல்லாம் நின்னுடுச்சு. எல்லாருக்கும் தெரியும் இப்ப என்ன நடக்குதுன்னு. கோலுக்குப் பின்னால வேலியோரமா நின்ன அம்மாவைத் திரும்பிப் பாத்தேன். அவங்க கையில இருந்த கேக் துண்டு வாய்க்குப் பாதி வழியில நின்னுச்சு.

முடியப்போற நேரத்துல பெனால்டி குடுத்துட்டாங்க. ஸ்பெயினுக்கு.

அடிக்க வந்தவ பேரு இத்சியார். அன்னிக்கு மட்டும் அஞ்சு கோல் போட்டவ. பந்தைப் புள்ளியில வச்சா, காத்து உருட்டிடுச்சு. மறுபடி வச்சா, மறுபடி உருண்டுச்சு. காலால மிதிச்சு மண்ணுல குழி பண்ணிப் பாத்தா, ம்ஹூம். நான் மனசுக்குள்ள, 'உருளு சாமி, நடுவர் விசில் ஊதி முடிக்கிற வரைக்கும் உருண்டுக்கிட்டே இரு'ன்னு வேண்டிக்கிட்டேன்.

இங்கதான் அந்தக் கூத்து நடந்துச்சு.

எங்க ஊர்ல பெனால்டின்னா ஒரு வழக்கம் உண்டு. காத்துல பந்து நிக்காதுல்ல, அதனால அடிக்கிறவ கூட்டாளி ஒருத்தி புல்லுல குப்புறப் படுத்து, கையை நீட்டி, ஒரு விரலால பந்தை அமுக்கிப் பிடிச்சுக்குவா. எங்க கிளப்புல அந்த வேலை எப்பவும் துரீத்தா அக்காவுக்குத்தான். உருளுற பந்தைக் கண்டா அவங்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், எங்க கேப்டன், எங்க சொந்தக் கேப்டன், விறுவிறுன்னு நடந்து வந்தாங்க, தொபுக்குனு குப்புறப் படுத்தாங்க, பந்துமேல விரலை வச்சாங்க. இத்சியாரைப் பாத்து "ம், அடி"ன்னு தலையை வேற ஆட்டுனாங்க!

"துரீத்தா!" ஹோக்னி மாமா கத்துனது கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "நீ எந்த நாட்டுக்காரிடி?"

அக்கா படுத்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பாத்தாங்க. நான் அவங்களைப் பாத்தேன். அவங்க முகம் மெதுவா செவந்துச்சு பாருங்க, வேகவச்ச இறால் மாதிரி. ஆனா விரலை எடுக்கல. எடுத்தா பந்து உருண்டுடுமே!

குன்று முழுக்க சிரிப்பு. வண்டிக் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வந்து சிரிக்கிறாங்க. நடுவரம்மா ஸ்காட்லாந்துக்காரங்க, அவங்களும் சிரிப்பை அடக்க முடியாம ஸ்பெயின் கேப்டனைக் கேட்டாங்க, "இப்படியே அடிக்கிறீங்களா?"ன்னு. வேற வழி இல்லாம அவங்களும் சரின்னுட்டாங்க.

"அக்கா," நான் அழுற குரல்ல கேட்டேன், "எனக்கு ஏன் இப்படிப் பண்றீங்க?"

"பழக்கதோஷம்டி! மன்னிச்சுக்கோ! நல்லாப் பிடி!"

"நீங்கதான் நல்லாப் பிடிச்சிருக்கீங்களே!"

இத்சியாருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டு தடவை ஓடி வந்து, ரெண்டு தடவையும் நின்னுட்டா. மூணாவது தடவை ஓடி வந்தா. எங்க அந்த விரலை உதைச்சுடுவோமோன்னு அவளுக்குப் பயம்னு நினைக்கிறேன். பந்தோட அடியில லேசா, மேல் பக்கமாத் தூக்கி விட்டா.

எனக்கு அந்த நேரம் என்ன ஆச்சு தெரியுமா? இடதா வலதான்னு நான் யோசிக்கல. என் தலைக்குள்ள ஒரே ஒரு சத்தம்தான், பதினாலு, பதினாலு, பதினாலு. குதிக்கணும்னு தெரியுது, காலு கேக்க மாட்டேங்குது. கண்ணையும் மூடிட்டேன்.

பந்து என் வலது மூலைக்குத்தான் கிளம்புச்சாம். பாதி வழியில எதிர்க்காத்து அதைப் பிடிச்சு நிறுத்தி, திருப்பி, நடுவுல கொண்டாந்து போட்டுச்சாம். இதெல்லாம் அப்புறம் டிவில பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வயித்துல 'பொத்'னு ஒரு குத்து. கண்ணைத் திறந்தா என் ரெண்டு கைக்கு நடுவுல பந்து இருக்கு. நான் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நடுவர் விசில் ஊதிட்டாங்க. மேட்ச் முடிஞ்சுடுச்சு.

பதிமூணுக்கு பூஜ்யத்துல தோத்த அணி எங்கயாவது தோள்ல தூக்கிக் கொண்டாடியிருக்கா? நாங்க கொண்டாடினோம். மொதல்ல ஓடி வந்து தூக்கினது துரீத்தா அக்காதான். இத்சியாரும் வந்து கைகுடுத்துட்டு, அக்காவோட விரலைப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டுப் போனா.

அம்மா வேலியைத் தாண்டிக் குதிச்சு வந்தாங்க. கண்ணெல்லாம் தண்ணி.

"படுபாவி! இன்னும் ஒண்ணே ஒண்ணு விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்ல!"ன்னு முதுகுல ஒரு அடி. அப்புறம் என்னை விடவே இல்ல.

சாயங்காலம் கடையில ஐஸ்கிரீம். கூட்டம் பிதுங்குது. யாரோ ஒரு ஆளு, "அப்போ இனிமே பெரிய பதிமூணு, சின்னப் பதிமூணுன்னு கூப்பிட வேண்டியதுதான்"னு ஆரம்பிச்சாரு. ஹோக்னி மாமா கல்லாவைத் தட்டினாரு.

"யோவ், அவளைப் போயி பதிமூணுங்கறியே. மத்தவளுங்களா இருந்தா ஒரு பக்கமா விழுந்து உருண்டிருப்பாளுங்க. இவ காத்து எங்க கொண்டாந்து போடும்னு தெரிஞ்சு அப்படியே நின்னா பாரு, கம்பம் மாதிரி!"

கம்பம். அவ்வளவுதான், ஒட்டிடுச்சு. வெளிய வந்தப்போ ரோட்டோரமா சைக்கிள்ல போன ஒரு பொடியன், "கம்பம் அக்கா!"ன்னு கத்திட்டுப் போறான்.

வீட்டுக்கு வந்து, அம்மா காய்ஞ்ச ஆட்டுக்கறியை மெல்லிசா சீவிக்கிட்டே, என்னைப் பாக்காமலே கேட்டாங்க.

"பயத்துலதானே நின்ன?"

நான் தலையை மட்டும் ஆட்டுனேன்.

"தெரியும். கண்ணை மூடியிருந்தியே. பின்னால இருந்தாலும் அம்மாவுக்குத் தெரியும்." ஒரு துண்டை என் வாயில வச்சாங்க. "நான் அன்னிக்குப் பதிமூணுக்கும் குதிச்சேன்டி. ஒண்ணுக்காவது பயந்து நின்னிருக்கலாம்."

"வெளிய சொல்லிடுவியா?"

"சொல்லுவேனா? கம்பத்தோட அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பதிமூணுக்கு எவ்வளவோ பரவால்ல."

இப்ப புரியுதா எனக்கு ஏன் தூக்கம் வரலைன்னு? செவ்வாய்க்கிழமை ஸ்பெயின்ல மேட்ச். ரன்வா அக்காவால இன்னும் தும்மக்கூட முடியல. ஹோக்னி மாமா எல்லார் முன்னாலயும், "எங்ககிட்ட கம்பம் இருக்கு"ன்னுட்டாரு. அந்த ஊரு வானிலையைப் போன்ல பாத்தேன். வெயில். இலைகூட அசையாதாம். அங்க நான் கம்பம் மாதிரி நின்னா பதினாலு என்ன, நாப்பது விழும். அம்மாவுக்குப் பழைய பேரு போயிடும், எனக்குப் புதுசா ஒண்ணு வந்து சேரும்.

ஆனா இதுக்கு நடுவுலயும் துரீத்தா அக்காவோட அந்த இறால் முகம் ஞாபகம் வந்து, தலையணையைக் கடிச்சுக்கிட்டு சிரிக்கிறேன்.

இப்பத்தான் போன் மின்னுச்சு. துரீத்தா அக்கா. அவங்களும் தூங்கல போல.

"கம்பம், முழிச்சிருக்கியா? செவ்வாய்க்கிழமை அவங்களுக்குப் பெனால்டி கிடைச்சா, மொதல் வேலையா என் கையைக் கட்டிப் போட்டுடு."

"அங்க காத்தே இல்லையாம், அக்கா"ன்னு அனுப்பினேன்.

"இருந்தாலும் கட்டிடு"ன்னு பதில் வந்துச்சு.