தலைக்கு ஒரு சத்தம்

வியாழக்கிழமை சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் செங்கல்வராயனிடம் சொல்லிவிட்டேன். திங்கள்கிழமை மணவாள நகரில் என் தங்கை ரம்யா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை என்று. கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனுஷன் ‘ம்’ என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்துக்கு ஒரே ஒரு ‘ம்’. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கே பெட்டியை இறக்கிக் கட்டில் மேல் வைத்துவிட்டேன்.

செங்கல்வராயன் குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். ஊரில் கேட்டால் தங்கமான ஆள் என்பார்கள். ஆனால் ஐந்தாறு வருஷமாக அவரோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும், அதுவும் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி. வேலை பார்க்கிற இரும்பு ரோலிங் மில்லில் இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற சத்தம் போதாதா என்று கத்தியிருக்கிறேன். அதற்கும் ‘ம்’தான்.

என் தொழிலைச் சொன்னால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடப்பது. சிப்காட்டில் பாட்டில் மூடி கம்பெனியில் பேக்கிங் செய்த நாளில், சாப்பாட்டு நேரத்தில் காம்பவுண்டுக்குப் பின்னாலிருந்த ஏரியைப் பார்த்துப் பார்த்தே பறவைகளைத் தெரிந்துகொண்டேன். இப்போது சென்னையிலிருந்து காலை வண்டியைப் பிடித்து ஏழெட்டுப் பேர் கும்மிடிப்பூண்டியில் வந்து இறங்குகிறார்கள். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்து, சேற்றைப் பார்த்ததும் என்னை முறைப்பார்கள். எங்கே மேடம் பறவை என்று உரக்கக் கேட்பார்கள், அந்தக் குரலிலேயே இருந்ததும் பறந்துவிடும். திட்டுவேன். திட்டு வாங்கியவர்கள்தான் மறுபடியும் வருகிறார்கள்.

நடையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையின் நடுவில் உள்ள கருவேல மரத்தடியில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பத்து நிமிஷம் கண்ணை மூடச் சொல்வேன். பிறகு தலைக்கு ஒரு சத்தம் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. அதற்கு முன் ஒரு சின்னப் பேச்சும் வைத்திருந்தேன். கம்பெனிகள் வந்த பிறகு இங்கே குருவிச் சத்தமே இல்லாமல் போய்விட்டதாம், என் வீட்டுக்காரர் இந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம், அவரே சொல்கிறார் என்பேன். அவர் பேச்சில் நான் மதித்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆளாக நடந்துவந்து யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல். டீ கேனை ஸ்கூட்டரில் ஏற்ற நான் தவிப்பதைப் பார்த்து, கூப்பிடாமலே இவர் வந்து தூக்கிவைத்தார். பின்னால் ஏறியும் உட்கார்ந்துகொண்டார். நாளைக்குப் போகப்போகிறவளுக்கு இன்றைக்கு என்ன உபகாரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அன்று ஏழு பேர். மரத்தடியில் அவரையும் வட்டத்தில் உட்காரவைத்தேன். பத்து நிமிஷம் முடிந்து கண்ணைத் திறந்தோம். ஒருவர் மீன்கொத்தி என்றார், ஒருவர் தவளை, ஒருவர் லாரி. இன்னொருவர் தன் வயிறு உறுமியதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். ஸ்நேகா என்ற கல்லூரிப் பெண் செம்போத்தைச் சரியாகச் சொன்னாள். கடைசியில் இவர் முறை வந்தது.

“லாரி,” என்றார்.

அது சொல்லியாகிவிட்டது, வேறு சொல் என்றேன். பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை போல முழித்தார்.

“வேற ஒண்ணும் கேக்கலியே. குருவிங்கதான் எல்லாம் பூட்ச்சே.”

வந்தவர்கள் முன்னாலும் இதே அலட்சியமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து நிமிஷமும் தூங்கிக்கொண்டிருந்தாயா என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் தையல்சிட்டு ஒன்று கத்த ஆரம்பித்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் ஏரியையே எழுப்பிவிடும். ஏழு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்நேகா அவர் தோளைத் தொட்டு மேலே காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்தார். குருவியின் அலகு திறந்து திறந்து மூடியது. கத்தும்போது மட்டும் அதன் கழுத்தில் தெரியும் கறுப்புக் கோடும் தெரிந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அது கத்துதா, பானு?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மீதி நடையை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. எல்லோரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரைக்குத் திரும்பினேன். அவர் மரத்தடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

“அப்போ குருவிங்க எங்கியும் போவல,” என்றார். “மில்லுல எல்லாரும் கத்திதான் பேசறோம், அதான் காது போனது தெர்ல. ஊட்ல நீதான் எங்கூட பேசறத கொறச்சிக்கினேன்னு நெனச்சேன். எம்மேல இன்னாவோ கோவம்னு.”

ஐந்தாறு வருஷமாக நான் கத்தித் தீர்த்ததெல்லாம் அவருக்கு மௌனமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தப்பு என்மேலும்தான். முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேனே தவிர, ஒரு நாளாவது முகத்துக்கு நேராக வந்து பேசியிருக்கிறேனா?

“வியாழக்கெழம நீ இன்னாவோ சொன்னா மாரி இருந்துச்சு,” என்றார். “பொட்டி வேற எறக்கி வச்சிக்கிற. இன்னா சொன்ன?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கேட்டதைச் சொல்லு என்று ஊரையே அதட்டுகிறவள் நான். அவர் முன்னால் உட்கார்ந்து, வாய் தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன்.

“உன்ன உட்டுட்டு ரம்யா ஊட்டுக்குப் போறேன், திரும்ப வரமாட்டேன்னு சொன்னேன்.”

“அதுக்கு நான் இன்னா சொன்னேன்?”

“ம்னு சொன்னய்யா.”

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“கேக்காத எல்லாத்துக்கும் நான் ம்னுதான் சொல்றேன், பானு.”

அழுதேன். வியாழக்கிழமை வராத அழுகையெல்லாம் சேர்த்து வந்தது. அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்குத் திருவள்ளூரில் காது டாக்டரைப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் போகிறோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன். ‘ம்’ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டு, “கேட்ச்சி, போலாம்,” என்றார்.

மேலே கையைக் காட்டி, அது இன்னும் கத்துகிறதா என்று கேட்டார். கத்துகிறது என்றேன். எப்படி என்றார். எனக்கு வெட்கமாக இருந்தாலும், டுவிட் டுவிட் டுவிட் என்று செய்து காட்டினேன்.

“கொஞ்சம் கிட்ட வந்து பண்ணு,” என்றார்.

நகர்ந்து உட்கார்ந்து, அவர் காதோரம் வாயை வைத்து இன்னொரு தடவை கத்தினேன்.