எல்லா அணைகளுக்கும்

சித்தப்பா கேட்டது ஒரே ஒரு அணை. பாபநாசம் அணையில் எத்தனை அடி நிற்கிறது, எவ்வளவு திறந்து விடப் போகிறார்கள். அது தினமும் காலை ஏழு மணிக்கு அவர் போனுக்கு வந்துவிட வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதப் படிக்கியாமே ஏட்டி, இத பண்ணித் தருவியா?"

"இது என்ன பெரிய வேலையா சித்தப்பா? ஒரே நாள்ல பண்ணித் தாரேன்" என்றேன். புரோகிராமிங் பழக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத் திமிரை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காசிலிங்கம் சித்தப்பா சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரையில் நிலம் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருந்தார். டீசல் இஞ்சினை ஆற்றுக்குள்ளேயே கல் அடுக்கி உட்கார வைத்துத்தான் தண்ணீர் இறைப்பார். அணை திறந்தால் அதைக் கரையேற்ற வேண்டும். தனியாளால் ஆகாது, இன்னொருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஊருக்குள் சொல்லும் தகவல் வயலுக்கு வந்து சேர்வதற்குள் ஆறு வந்துவிடும்.

அணை நிலவரம் ஓர் இணையதளத்தில் அன்றாடம் வருகிறது. அதை எடுத்து அனுப்ப முப்பது வரி போதும். ஆனால் பாபநாசத்துக்கு மட்டும் எழுதுவது எனக்குக் கேவலமாகப் பட்டது. மணிமுத்தாறு, சேர்வலாறு என்று தமிழ்நாட்டின் எல்லா அணைகளுக்கும் சேர்த்து ஒரு லைப்ரரி எழுதினால் என்ன? அந்தத் தளத்தோடு பேசுவதை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். எந்த ஊர் புரோகிராமரும் அதை எடுத்து, இரண்டே வரியில் நீர்மட்டத்தைக் கேட்டுக்கொள்ளலாம். வேலைக்குப் போகும்போது காட்டவும் ஆகும்.

அதற்குப் பெயர் வைக்க மூன்று நாள். அடியில் சொல்வதா மீட்டரில் சொல்வதா என்று யோசிக்க இரண்டு நாள். ஆங்கிலத்தில் விளக்கக் குறிப்பு எழுத ஒரு வாரம். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அது இன்னும் சொல்லவில்லை, அதற்குள் லோகோ வரைந்துவிட்டேன்.

ஐப்பசிக் கடைசியில் சித்தப்பா கேட்டார். "ஆயிட்டாம்மா?"

"திங்கக்கெழமைல இருந்து வந்துரும் சித்தப்பா. எல்லா அணைக்கும் வரும்."

"எனக்கு எதுக்குட்டி எல்லா அணையும்?" என்று சிரித்தார்.

திங்கள் போயிற்று. இன்னும் இரண்டு திங்கட்கிழமைகளும் போயின. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் ஒன்பது மணிக்கு மேல் அணையில் கூடுதலாகத் திறந்தார்கள். ஏழு மணிக்கே தளத்தில் அறிவிப்பு இருந்தது. நான் போனபோது, இஞ்சின் இருந்த இடத்தில் அடுக்கிய கல்கூடத் தெரியவில்லை. சித்தப்பா அறுந்த குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கு போன பாத்தேன். மெசேஜ் ஒண்ணும் வரல. தெறந்தாத்தான் வரும்போல, இன்னைக்குத் தெறக்கலன்னு நெனச்சுட்டேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன், பாபநாசத்துக்கு மட்டும். நாற்பது நிமிஷம் ஆயிற்று. மறுநாளிலிருந்து ஏழு மணிக்குச் செய்தி போகிறது. இறைக்க வழியில்லாமல் தையிலேயே அவர் வயலை விட்டுவிட்டார். அதன் பிறகும் போகிறது. நிறுத்தவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாசியில் சேலை எடுக்கப் பாளையங்கோட்டைக்குப் போனேன். ஜவுளிக்கடை வாசலில் நீலச் சட்டையும் தொப்பியுமாகச் சித்தப்பா. வேலைக்குப் போகிறார் என்று தெரியும், எந்தக் கடை என்று நான் விசாரித்ததில்லை. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற இன்னொரு காவலாளியிடம் போனை எடுத்துக் காட்டினார்.

"எங்க அண்ணன் மவ. இவதான் இத எழுதுனா. ஏழு அடிச்சா டாண்ணு வந்துரும், ஒரு நாள் தப்பாது."

காவலாளி வாங்கிப் பார்த்தார். "ஒமக்கு இப்ப அங்கன வயல் இருக்கா வே?"

சித்தப்பா போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போம்மா. ஏசி வெளிய போவுது."