வலது பாதத்தில் சிவப்பு

நவம்பர் 15, சனிக்கிழமை

நேற்று எடுத்த அளவுகள் எதுவும் செல்லாது. தவறு என்னுடையது. பாத அழுத்தத்தை அளக்கும் விரிப்பு அழுக்காகிவிடக் கூடாதென்று அதன்மேல் செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்தேன். எழுத்துள்ள காகிதத்தை மிதிக்க யாருக்கு மனம் வரும்? ராம்கி நுனிக்காலில் போனான். ஸ்வர்ணாக்கா குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பட்டும் படாமலும் கால் வைத்தார். இரண்டையும் எதிரில் நின்று பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தொண்ணூறு கிலோ எடையுள்ள ஸ்வர்ணாக்காவைவிட ஐம்பத்து நான்கு கிலோ ராம்கிக்கு அழுத்தம் அதிகம் என்று திரை காட்டியபோது, ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். இன்று வேலை முடிந்து அடுகோடியில் பஸ் ஏறும்போது படியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அதை மிதிக்காமல் காலை அகட்டி வைத்தேன். அப்போதுதான் புரிந்தது.

பகலில் வேலை, மாலையில் பிரேசர் டவுனில் வகுப்பு. மனிதர் நடக்கும் விதத்தை அளந்து ஆராயும் சான்றிதழ்ப் படிப்பு. ராம்கி என்னோடு படிக்கிறான். ஸ்வர்ணாக்கா, ஜீவனஹள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கன்டோன்மென்ட் தெருக்களில் நடந்து, பழைய கட்டடங்களின் கதைகளைச் சொல்வது அவர் வேலை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவருடைய வலது பாதத்தின் வெளிப்பக்க ஓரத்தில் வலி. எலும்பில் ஒன்றும் இல்லை என்று எக்ஸ்ரே சொல்லிவிட்டது. எடையைக் குறை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டை விட்டார், சோறு குறைத்தார், வலி போகவில்லை. நடைகளை ஏற்பாடு செய்யும் சேஷகிரி சார், நாளைக்கு முடியுமா முடியாதா என்று இன்றே சொல்லச் சொல்லியிருக்கிறார். முடியாதென்றால் ஞாயிறு நடை இனி வேறு ஆளுக்கு. அதனால்தான் அக்காவைக் கெஞ்சி மறுபடி வரவழைத்தேன். பாடம் எடுக்கும் மேடம் வகுப்பறைச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

செய்தித்தாளை உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை திரை ஒழுங்காகப் பேசியது. நீலம் என்றால் குறைந்த அழுத்தம், பிறகு பச்சை, மஞ்சள், உச்சத்தில் சிவப்பு. ராம்கியின் குதிகாலில் பச்சை, அக்காவின் குதிகாலில் மஞ்சள். எடை ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தாலும் அழுத்தம் அந்த அளவுக்கு ஏறவில்லை. அக்காவின் பாதம் அகலம், நடுப்பாதமும் தரையில் படுகிறது, ஆகவே பாரம் பரந்துவிடுகிறது. புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"பாத்தியா, மஞ்சள். அப்ப எடைதான்," என்றார் அக்கா.

"அவசரப்படாதீங்க அக்கா. வலிக்கிற இடத்துல ஒண்ணுமே காட்டலியே."

"காட்டலன்னா பொய் சொல்றேன்னு அர்த்தமா?"

எடையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று ராம்கியின் முதுகுப் பையில் உடற்பயிற்சி அறையிலிருந்த இரும்புத் தட்டுகளைப் போட்டேன்.

"நான் என்ன கழுதையா?" என்றான்.

"சும்னிரோ, சும்மா இரு. கழுதைக்கு நாலு கால், பாரம் பிரிஞ்சிடும். உனக்கு ரெண்டுதான்," என்றார் அக்கா.

பையோடு நடந்தபோது ராம்கியின் குதிகாலும் மஞ்சளானது, விரல்களுக்குப் பின்னாலுள்ள மேடும் மஞ்சளானது. எடை ஏறினால் அழுத்தம் ஏறும், சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கும் வெளி ஓரம் நீலமாகவே இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். சேஷகிரி சாருக்கு எழுதப் போகிறார் என்று தெரிந்தது. நான் அழைத்து வந்ததால்தான் அவர் நம்பிக்கையை முழுதாக இழந்தார் என்று நினைத்தேன்.

"கடைசியா ஒரே ஒரு தடவை, அக்கா. எனக்காக."

சலிப்போடு எழுந்தார். பாதி நடந்திருப்பார். பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ராம்கி, "அக்கா, இந்தப் பக்கம் ஒரு பழைய சர்ச் இருக்கே, அதுக்கு ஏன் மணிக்கூண்டு ஒரு பக்கம் மட்டும்?" என்றான்.

அவ்வளவுதான். அக்கா நிற்கவில்லை. நடந்துகொண்டே வலது தோளுக்கு மேலாகத் திரும்பி, கையை ஆட்டி, "அது ஒரு பெரிய கத டா! கட்டினவருக்கும் பணம் தந்தவருக்கும் சண்ட..." என்று ஆரம்பித்துவிட்டார்.

திரையில் வலது பாதத்தின் வெளி ஓரம் நீலத்திலிருந்து பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, நேராகச் சிவப்புக்குப் போனது.

நான் கத்தியே விட்டேன். "அக்கா! அப்படியே! மறுபடியும்! கத சொல்லிட்டே நடங்க!"

"ஏய், ஏன்டி பயமுறுத்தற? பாம்பா?"

மறுபடி நடந்தார். சிவப்பு. முன்னால் பார்த்து வாய் மூடி நடந்தார். நீலம். கதை, சிவப்பு. மௌனம், நீலம். பிறகு ராம்கியைப் பை இல்லாமல், தோளுக்குப் பின்னால் பார்த்துப் பேசிக்கொண்டே நடக்கச் சொன்னேன். அந்த ஒல்லிக்கும் ஓரம் மஞ்சளானது. இரும்புத் தட்டுகள் செய்யாததை ஒரு திரும்பல் செய்துவிட்டது.

கூட்டம் எப்போதும் பின்னால் வரும். அக்கா நடந்தபடியே அவர்களைப் பார்த்துப் பேசுகிறார். இடுப்புக்கு மேல் உடம்பு வலப்பக்கம் திருகும்போது ஊன்றிய வலது பாதம் வெளிப்பக்கம் சாய்கிறது. பரந்திருக்க வேண்டிய பாரம் முழுவதும் ஒரு விரற்கடை ஓரத்தில் இறங்குகிறது. எடை அதிகம் என்பதால் அந்த ஓரத்துக்கு அடி பலமாக விழுகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பாரத்தை அந்த இடத்துக்குக் கொண்டுபோவது எடை அல்ல.

அக்கா திரைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "அப்ப இத்தன நாளா சோறு தின்னாம கெடந்தது?"

"வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன்..."

"நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன். சரி, நின்னுட்டுத் திரும்பிப் பேசினா?"

நின்று, பாதங்களையும் சேர்த்துத் திருப்பி, பேசிப் பார்த்தார். இரண்டு பாதத்திலும் பச்சை, ஓரத்தில் நீலம். ராம்கி மேசையில் தாளம் போட்டான். அக்கா அங்கேயே போன் செய்தார்.

"சார், நாளைக்கு நான்தான் வர்றேன். ஆமா, கால் அப்படியேதான் இருக்கு. இல்ல சார், ஒரு சின்ன மாத்தம். இனிமே நடக்கும்போது கத கிடையாது, நின்னாதான் கத." மறுமுனையில் அவர் ஏதோ சொல்ல, அக்கா சிரித்தார். "நேரம் ஆகட்டும் சார். அவங்க என்ன ஓட்டப் பந்தயத்துக்கா வர்றாங்க?"

போனை வைத்துவிட்டு, "நடடி, மசால் தோச சாப்பிடலாம்," என்றார்.

சாப்பிட்டோம். இப்போது உற்சாகம் அடங்காமலும் கொஞ்சம் பயந்துகொண்டும் எழுதுகிறேன். பார்த்தது இரண்டே பேரை, ஒரே மாலையில். வலிக்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல முடியாது. அழுத்தம் எங்கே விழுகிறது என்று மட்டும் சொல்லலாம். இதை அக்காவிடமும் சொன்னேன். "அது போதும் எனக்கு," என்றார்.

நாளை: ஸ்வர்ணாக்காவின் கூட்டத்தோடு காலையில் நடந்து, அவர் பேசும் ஒவ்வொரு இடத்திலும் வலது பாதத்தை மொபைலில் படம் எடுக்க வேண்டும். மறந்துபோய் நடந்துகொண்டே பேசினால் கையைத் தூக்கி நிறுத்த வேண்டும். நடை முடிந்ததும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே குறிக்க வேண்டும்.